கோவென்ட்ரி காருக்குச் சாத்தூர் வைத்தியம்

கோவென்ட்ரியில உக்காந்துக்கிட்டு, கோவென்ட்ரியிலயே பிறந்த காருக்கு வைத்தியம் கேட்டுச் சாத்தூருக்குப் போன் போடுற பாத்தியா, அங்கதான்டா நீ என் பேரன். உங்கப்பன் இதைச் செஞ்சிருக்க மாட்டான். அவனுக்குக் காருன்னா, சாவியை யார் கையிலயாவது திணிச்சிட்டு டீக்கடைப் பக்கம் நகர்ந்துக்கிற சமாச்சாரம்.

சரி, காருக்கு வருவோம். 1969-ல பிறந்தது. உனக்குச் சித்தப்பன் வயசு. பேரு டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், மார்க் 3. சண்டை விமானத்தோட பேரு. சட்டுன்னு சீறி விழுற ஆளையும் அந்த ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்கன்னு நீயே சொன்ன. பேர்லயே நெருப்பை வச்சிருக்கிற சாமானை வாங்கிட்டு, உள்ள உக்காந்தா பெட்ரோல் வாடை அடிக்குதுங்கிற. அதையும் சிரிச்சுக்கிட்டே சொல்ற. "பழைய காருன்னா அப்படித்தான் தாத்தா, அதுவும் ஒரு அழகு" அப்படின்னு. ஏலே, எனக்கு எழுபத்தெட்டு வயசு. நானும் பழசுதான். எம்மேல வாடை அடிச்சா உங்க அப்பத்தா அழகுன்னா சொல்றா? கிணத்தடிக்குப் போங்கிறா. காருக்கும் அதே நியாயம்தான்.

இதுவரைக்கும் என்ன பாத்தேன்னு கேட்டதுக்கு ஒரு பட்டியல் வாசிச்ச. பெட்ரோல் பம்பு புதுசு. ரெண்டு கார்புரேட்டரையும் கழட்டிப் பார்சல்ல அனுப்பி, வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி ஆக்கி, திரும்ப மாட்டியாச்சு. கண்ணாடியில பச்சைக் கலர் அட்டை மரம் ஒண்ணு தொங்குது, பைன் வாசனையாம். 600 பவுண்டு கரைஞ்சிருக்கு. வாடை அப்படியே இருக்கு. முந்தி தனியா வந்துச்சு, இப்பப் பைன் வாசனையைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு வருது.

உங்க பூட்டன் மாடு வாங்கப் போனா பல்லைப் புடிச்சுப் பாப்பார், சுழி பாப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பாப்பார், கடைசியில துண்டுக்குள்ள விரலைப் புடிச்சு விலை பேசுவார். நீ காரைப் போட்டோவுல பாத்து வாங்கிருக்க. ஏன்னு கேட்டா, செவப்பா இருந்துச்சாம். தக்காளிகூடச் செவப்பாத்தான்டா இருக்கு. அதையே நாங்க அமுக்கிப் பாத்துத்தான் வாங்குறோம்.

ஸ்பிட்ஃபயரை நான் கையால தொட்டது இல்ல. ஆனா அதோட அக்காகூட முப்பது வருசம் குடித்தனம் பண்ணிருக்கேன். அப்பத்தாகிட்டச் சொல்லிராத. அக்கா பேரு ஹெரால்டு. 1959-ல உங்க ஊர்ல பிறந்தா. வரைஞ்சவர் மிக்கலோட்டின்னு ஒரு இத்தாலிக்காரர். 1961-ல அவளை மெட்ராசுக்குக் கூட்டியாந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டுன்னு பேர் வச்சு, வண்டலூர்ப் பக்கம் ஃபேக்டரியில கட்ட ஆரம்பிச்சாங்க. அதே ஹெரால்டோட சேசை எட்டு அங்குலத்துக்கு மேல குட்டையாக்கி, அதே இத்தாலிக்காரர் வரைஞ்ச வேற பாடியை மேல உக்கார வச்சு, 1962-ல விட்டதுதான் உன்னோட ஸ்பிட்ஃபயர். அதனாலதான் ரெண்டுக்கும் பானெட்டு மட்கார்டோட சேர்ந்து முன்பக்கமாச் சாஞ்சு, முதலை வாயப் பொளந்த மாதிரி திறக்கும். மெக்கானிக்குக்கு அதைவிடச் சொகம் கிடையாது. டயர் மேலயே உக்காந்து வேலை பாக்கலாம். இன்னைக்குக் காருல பானெட்டைத் திறந்தா பிளாஸ்டிக் மூடிதான் தெரியுது, பெட்டியைத் திறந்தா இன்னொரு பெட்டி இருக்கிற மாதிரி. ஹெரால்டுக்கு நாலு கதவு வச்சது நம்ம மெட்ராசுக்காரங்க மட்டும்தான், அது 1968. கோவென்ட்ரிக்காரனுக்கு அந்த யோசனை வரலை. அவனுக்கு வீட்டுல நாலு பேருதான்போல. நமக்கு ஒரு காருக்கு ஒன்பது பேரு.

பதினேழு வயசுல புதுப்பேட்டை ஷெட்டுல சேர்ந்தப்ப எங்க மேஸ்திரி எனக்கு முதல்ல ஸ்பேனரைக் குடுக்கலை. ஒரு கேள்வியைக் குடுத்தார். வாடை அடிக்குதுன்னு எவன் வண்டியைக் கொண்டாந்தாலும், "எங்க அடிக்குது"ன்னு கேக்காத, "எப்ப அடிக்குது"ன்னு கேளு. எங்கன்னு கேட்டா வண்டிக்காரன் அவனுக்குப் பிடிச்ச இடத்தைக் காட்டுவான். எப்பன்னு கேட்டா வண்டி பேசும்.

அதான் அன்னைக்கு உன்னைக் கேட்டேன். காலையில முதல் ஸ்டார்ட்டுலயா? ஓட்டிட்டு வந்து நிறுத்தி பத்து நிமிசம் கழிச்சா? துணிக்கூரை போட்டா கூடுதா, மடக்கினா கூடுதா? டேங்கு நிறைஞ்சிருக்கிறப்பவா, அடியில கிடக்கிறப்பவா? நீ என்ன சொன்ன? "எப்பவும் அடிக்கும் தாத்தா." எப்பவும்னு சொல்றவன் ஒருநாளும் கவனிச்சது இல்லடா. டாக்டர்கிட்டப் போய் "உடம்பு பூரா வலிக்குது"ன்னு சொல்ற ஆளு நீ. ஒரு நோட்டுப் போட்டு ஒரு வாரம் எழுதுன்னு சொன்னேன். எழுதிருக்க, பாராட்டுறேன். கையெழுத்துதான் கோழி கிளறின குப்பைமேடு மாதிரி இருக்கு.

நோட்டைப் படிச்சுக் காட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்க. இந்த இடத்துல மட்டும் நான் கிண்டல் பண்ணலை.

1966-ன்னு நெனைக்கிறேன். ஒரு ஹெரால்டுக்கு அடியில படுத்துக்கிட்டு, கம்பிக்கூண்டு போட்ட கைவிளக்கை வச்சு லீக் தேடிக்கிட்டு இருந்தேன். பல்பு சுடச்சுட எரியுது. எங்கிருந்தோ ஒரு சொட்டு. சூடான கண்ணாடியில விழுந்துச்சு, பல்பு படார்னு வெடிச்சுது, அடுத்த நிமிசம் எனக்கும் சேசுக்கும் நடுவுல நீலமா ஒண்ணு எழுந்து போச்சு. மேஸ்திரி காலைப் புடிச்சு வெளிய இழுத்துப் போட்டார். முதல்ல மண்ணை வீசினார். பெறகு கையை வீசினார். ரெண்டு புருவமும் போச்சு. மூணு மாசம் கழிச்சுப் பொண்ணு பாக்கப் போனப்ப மை தீட்டிக்கிட்டுத்தான் போனேன். வேர்த்து வழிஞ்சு ஒரு புருவம் கன்னத்துக்கு வந்துருச்சு. அப்பத்தா இன்னைக்கு வரைக்கும் விருந்தாளி வந்தா அதைத்தான் முதல்ல பரிமாறுவா.

அதனால சொல்றேன். பெட்ரோல் ஆவி அடுப்புப் புகை மாதிரி மேல ஏறிப் போகாது. காத்தைவிட மூணு நாலு மடங்கு கனம். தரையில படுத்துக்கிட்டே பள்ளம் தேடிப் போய்த் தேங்கும். காத்துல 1.4 சதவீதம் கலந்தாப் போதும், ஒரு பொறி பட்டா புடிச்சுக்கும். 7.6-க்கு மேல போனா காத்துப் பத்தாம எரியாதாம். அந்தக் கணக்கைச் சரிபாக்க நீ அங்க நிக்க வேணாம். குளிர் நாடுதானேன்னும் நெனைக்காத. மைனஸ் 40 டிகிரியிலயும் பத்திக்கிற அளவுக்கு ஆவி விடுற சாமான் அது. உன் கராஜ் வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கு, மூலையில கேஸ் பாய்லர் வேற மாட்டிருக்கன்னு வீடியோவுல காட்டினப்பவே எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. அது வண்டியை வைக்கிற இடமாடா? வாணத்தையும் வத்திப்பெட்டியையும் ஒரே பரண்ல வச்ச மாதிரி.

வாடை நிக்கிற வரைக்கும் வண்டி வெளியதான் நிக்கணும். தேடுறதும் வெளியதான், பகல்ல, இஞ்சின் ஆறின பெறகு. கராஜ் கதவை முதல்ல திறந்து காத்தாட விடு. லைட்டு சுவிட்சைத் தொடாத. அப்புறம் தள்ளிக்கிட்டு வா, ஸ்டார்ட் பண்ணி ஓட்டிக்கிட்டு வராத. வெளிய வந்ததும் ஆவி கலையிறதுக்குக் கொஞ்சம் நேரம் குடுத்துட்டு, பேட்டரியோட மைனஸ் ஒயரைக் கழட்டு. சின்ன எல்.இ.டி. டார்ச்சு போதும், பல்பு வச்ச கைவிளக்கு வேணாம், புருவம் முக்கியம். பக்கத்துல பவுடரோ நுரையோ அடிக்கிற தீயணைப்பான் ஒண்ணு இருக்கட்டும். தண்ணி பக்கெட்டு உதவாது. பெட்ரோல் தண்ணி மேல மிதந்துக்கிட்டே எரியும், உன் காலடி வரைக்கும் தேடிக்கிட்டு வரும்.

இப்ப மூக்கு. மூக்கு புது மாப்பிள்ளை மாதிரி. வந்த உடனே விழுந்து விழுந்து வேலை பாக்கும், கொஞ்ச நேரத்துல திண்ணையைத் தேடும். அஞ்சு நிமிசம் பெட்ரோல் வாடையில நின்னா, பெறகு உனக்கு வாடையே தெரியாது. நீ "கொறைஞ்சிருச்சு தாத்தா, பம்பு மாத்தினது வேலை செஞ்சிருச்சு"ன்னு குதிச்சியே, அன்னைக்குக் கொறைஞ்சது வாடை இல்ல, உன் மூக்கு. அதனால ராத்திரி வண்டியை மூடிப் போட்டுட்டு, காலையில காப்பித் தண்ணிக்கு முன்னாடி போ. ஒரு இடத்தைத் திற, ஒருக்கா மோந்து பாரு, பத்தடி தள்ளிப் போய் நல்ல காத்து வாங்கு, அப்புறம் அடுத்த இடம். பானெட்டு, கதவு, டிக்கி. இன்னும் நம்பிக்கை இல்லைன்னா உன் பொண்டாட்டியைக் கூப்பிடு. அந்தப் புள்ள மூக்கு உன் மூக்கைவிட நேர்மையானது. கார் வாங்கினது அவ இல்லைல்ல.

அவ மோந்து பாத்து என்ன சொன்னா? பானெட்டுப் பக்கம் லேசா. கதவைத் திறந்தா இருக்கு. டிக்கியைத் திறந்தா கண்ணு கரிக்குது. ஒரு பைசா செலவு இல்லாம, எலி முன்பக்கம் இல்லடா, பின்பக்கம்தான்னு ரெண்டு நிமிசத்துல சொல்லிருச்சு. நீ 600 பவுண்டு குடுத்து முன்பக்கம் பூரா வெள்ளையடிச்சு வச்சிருக்க.

முன்பக்கத்தைச் சும்மா விட்டுரக் கூடாதுதான். உன் வண்டியில கார்புரேட்டர் ரெண்டும் சூடான எக்ஸாஸ்டு மேனிஃபோல்டுக்கு மேலயே உக்காந்திருக்கு. ஒரு சொட்டு விழுந்தா எங்க விழும்னு நீயே பாத்துக்க. அந்த எஸ்.யு. கார்புரேட்டர்ல மிதவை ஓட்டையானாலோ, ஊசி வால்வுல தூசி சிக்கினாலோ பெட்ரோல் நிக்காம வந்து வழியும், ஓவர்ஃப்ளோன்னு சொல்லுவோம். இன்னொண்ணு, மிதவைத் தொட்டியில இருந்து ஜெட்டுக்கு அடியில ஒரு சின்ன நைலான் குழாய் வரும். அதோட முனையில மிளகு அளவுக்கு ரப்பர். அது காஞ்சு போனா வேர்வை மாதிரி கசியும், சொட்டாது, அதனால கண்ணுல படாது. பழைய இஞ்சின்ல அழுக்கா இருக்கிற இடம் யோக்கியன். நாப்பது வருசத்து ஆயிலும் தூசியும் அப்பிக் கிடக்க, நடுவுல விரல் அகலத்துக்கு ஒரு கோடு மட்டும் கழுவித் துடைச்ச மாதிரி இருந்தா, அங்கதான் திருடன் குளிக்கிறான். உன் வண்டியில அந்த வித்தை செல்லாது. நீதான் எல்லாத்தையும் பாலீஷ் போட்டுட்டியே. அப்ப ஒண்ணு செய். அப்பத்தா போடுற குட்டிக்கூரா மாதிரி ஏதாவது முகப்பவுடரை, ஆறின இஞ்சின்ல, சந்தேகப்படுற ஜாயிண்டு மேல லேசாத் தூவு. பம்பை அதோட கைநெம்பால நாலு தரம் அடிச்சு நிறைச்சிட்டு, அரைமணி நேரம் விட்டுப் பாரு. கசியிற இடத்துல பவுடர் நனைஞ்சு கறை விழும். கன்னத்துல கண்ணீர் இறங்கின தடம் தெரியிற மாதிரி.

பழைய பம்பைத் தூக்கிப் போட்டுட்டியா, வச்சிருக்கியா? வச்சிரு, அதுல குத்தம் இல்லாமக்கூட இருக்கலாம். ஆனா ஆயில் குச்சியை உருவி மோந்து பாத்தியான்னு கேட்டா முழிக்கிற. பம்புக்குள்ள ஒரு ரப்பர் சவ்வு இருக்கு. அது கிழிஞ்சா பெட்ரோல் வெளிய வராம, நேரா உள்ள இறங்கி ஆயிலோட கலந்துரும். மெட்ராசுல எங்ககிட்ட ஒரு வக்கீல் வண்டி விடுவார். "என்ன மேஸ்திரி, எல்லார் வண்டியும் ஆயில் குடிக்குது, என் வண்டியில ஆயில் ஏறுது பாருங்க"ன்னு பெருமையா ஆயில் குச்சியைத் தூக்கிக் காட்டினார். மேஸ்திரி குச்சியை வாங்கி மோந்து பாத்துட்டு, "வக்கீல் சார், இது ஆயில் இல்ல, ஆயுள்"னார். அந்த ஆளுக்குப் புரியலை. பேரிங்கு போன பெறகு புரிஞ்சுது. உன் ஆயில்ல வாடை இல்லைங்கிற. நல்லது. ஆனா அதை முதல்ல பாத்திருந்தா பம்பு மாத்தின காசு மிஞ்சியிருக்கும். அதை மறக்காத, நான் மறக்க விடமாட்டேன்.

இப்ப உன் நோட்டு.

சனிக்கிழமை: பெட்ரோல் போட்டேன், வாடை அதிகம். ஞாயிறு: நல்ல வாடை, ரவுண்டானாவுல திரும்பினப்ப இன்னும் கூடுச்சு. புதன்: கொஞ்சம். வெள்ளி: கிட்டத்தட்ட இல்ல. சனிக்கிழமை: பெட்ரோல் போட்டேன், அதிகம்.

ஏலே, இதை எழுதினவன் நீயேதானா? எழுதினவனுக்கே இது புரியலையா? எங்க ஊரு மூணாங்கிளாஸ் பையன் சொல்லுவான். டேங்கு நிறைஞ்சா வாடை, கொறைஞ்சா இல்ல. அப்ப ஓட்டை டேங்கோட தலைமாட்டுல இருக்கு. அடியில இருந்தா வெள்ளிக்கிழமையும் வரணும்ல. திரும்புறப்பப் பெட்ரோல் சாஞ்சு, ஒரு ஓரமா மேல ஏறுது, எங்கயோ ஒரு வாயைத் தேடிக்குது. இதுக்கு நடுவுல கார்புரேட்டர் என்னடா பாவம் பண்ணுச்சு?

அதுக்கு மேல நீ ஒரு காரியம் பண்ற. பெட்ரோல் பங்க்குல துப்பாக்கி டக்குன்னு நின்னதும் விடாம, இன்னும் அமுக்கி அமுக்கி, கழுத்து வரைக்கும் தளும்பத் தளும்ப ஊத்துற. வாரத்துக்கு ஒருதடவை போனாப் போதும்னு சிக்கனம். 37 லிட்டர் சொச்சம் புடிக்கிற டேங்குல 38 லிட்டர் சிக்கனம். கல்யாண வீட்டுல இலைக்கு வெளிய பாயசம் ஓடுற அளவுக்கு வாங்கிக்கிறவன் நீதான்னு அப்பவே தெரியும்.

உன் வண்டியில டேங்கு எங்க இருக்கு? சீட்டுக்குப் பின்னாடி, குறுக்க, டிக்கிக்குள்ள. பெட்ரோல் மூடி பின்பக்கம் மேல, நட்டநடுவுல. மூடியில இருந்து டேங்குக்கு இறங்குற கழுத்துல, நடுவுல ஒரு தடிச்ச ரப்பர் ஹோஸ். அது டிக்கிக்குள்ள அட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிறதால யாரும் பாக்கிறது இல்ல. கசிஞ்சா ஆவி டிக்கியில நிறைஞ்சு, சந்து பொந்து வழியா உங்க முதுகுக்குப் பின்னாடி வந்து உக்காரும். ஓடுற வண்டிக்குப் பின்னாடி காத்து சுழிச்சுக்கிட்டு உள்ள இழுக்கும், துணிக்கூரை போட்டிருந்தா அது போக வழியும் இல்ல. கூரை போட்டா கூடுதான்னு கேட்டது அதுக்குத்தான். சைலன்சர் புகைகூட அப்படி உள்ள வரும், ஆனா அது வேற வாடை, எரிஞ்ச வாடை. உன்னோடது பச்சை வாடை.

அந்த அட்டையைக் கழட்டுன்னு சொன்னேன். நாலு ஸ்க்ரூ கழட்டுறதுக்கு நாலு நாள் யோசிச்ச. கழட்டினதும் போன்ல போட்டோ அனுப்பின. பாத்தேன். கண்ணாடி போட்டுப் பாத்தேன், கண்ணாடியைத் துடைச்சிட்டு இன்னொருக்கா பாத்தேன். சிரிப்பு வந்துருச்சு, அப்பத்தா அடுப்படியில இருந்து ஓடி வந்துட்டா.

அது பெட்ரோல் ஹோஸே இல்லடா. ரேடியேட்டர் ஹோஸு. உனக்கு முன்னாடி வச்சிருந்த எவனோ ஒரு புண்ணியவான், அளவு சரியா இருக்குன்னு வெந்நீர்க் குழாயை வெட்டிச் சொருகிட்டுப் போயிருக்கான். அது வெந்நீருக்குப் பிறந்த ரப்பர். வெந்நீர்ல வருசக்கணக்காக் கிடக்கும், பெட்ரோல் பட்டா ஊறிரும். நீ விரலால அமுக்கிக் காட்டினப்ப அது அமுங்கினதைப் பாத்தியா? சாம்பார்ல விழுந்த அப்பளம் மாதிரி. ஓட்டை இருக்கான்னு நீ தேடுற. ஓட்டை எதுக்குடா, மொத்த ஹோஸும் வேர்க்குது. மேல போட்டிருக்கிற கிளிப்பைப் பாரு. கசியுது கசியுதுன்னு அந்தப் புண்ணியவான் இறுக்கி இறுக்கி, பட்டை ரப்பருக்குள்ள கத்தி மாதிரி இறங்கிக் கிடக்கு. கழுத்தைப் புடிச்சு நெரிச்சா மூச்சு நிக்கும், கசிவு நிக்காது.

இதுக்கு மேல இப்ப ஒரு புதுக் கூத்து. அங்க 2021 செப்டம்பர்ல இருந்து சாதாரண பெட்ரோல்ல நூத்துக்குப் பத்து பங்கு வரைக்கும் எத்தனால் கலக்கிறாங்க, இ10-ன்னு பம்புல எழுதிருக்கும். இங்க நமக்கு இருவது. எத்தனால்னா வேற என்ன, சாராயம்தான். கரும்புல இருந்து எடுக்கிறதும் அதுல கலக்குது. ஊருக்குள்ள நான் ஒரு மடக்கு குடிச்சா உங்க அப்பத்தா பஞ்சாயத்தைக் கூட்டுவா, காரு தினம் குடிச்சா பசுமைப் புரட்சிங்கிறாங்க. பழைய ரப்பருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. குடிச்சா ஊறும், வெடிக்கும், உள்பக்கம் உரிஞ்சு துணுக்கு துணுக்காப் போய் ஊசி வால்வுல நிக்கும். தண்ணியையும் உறிஞ்சுக்கிறதால டேங்குக்குள்ள துரு வேற புடிக்கும். உன் வண்டிக்கு இ5-ன்னு போட்டிருக்கிற விலை கூடின பெட்ரோலை ஊத்து. கழுத்து ஹோஸுக்குப் பெட்ரோல் ஊத்துற குழாய்க்குன்னே செஞ்ச ரகமாக் கேட்டு வாங்குன்னு சொன்னேன். டேங்குல இருந்து பம்பு வரைக்கும் இரும்புக் குழாய்தான், ஆனா ரெண்டு முனையிலயும் சின்ன ரப்பர்த் துண்டு இருக்கும். அதையும் மாத்திரு. அது மேல எழுத்து அச்சடிச்சிருக்கும், படி. ஆர்6-ன்னு இருந்தா பழைய ரகம், இந்தச் சாராயத்துக்குத் தாங்காது. ஆர்9 இல்ல ஆர்14-ன்னு இருக்கணும். ஒண்ணுமே எழுதலைன்னா அதைச் செடிக்குத் தண்ணி பாய்ச்ச வச்சுக்க.

ஹோஸை மாட்டுறதுக்கு முன்னாடி டேங்குல பெட்ரோல் கால்வாசிக்குக் கீழ வர்ற வரைக்கும் பொறுன்னும் சொன்னேன். அட்டை கழண்டு கிடக்கிறப்பவே கேஜ் மிதவையையும் பாத்துரு. வட்டமா ஒரு பூட்டு வளையம், அடியில ரப்பர் வாஷர். ஹோஸுக்கு அடுத்தபடி அதுதான் நிறைஞ்ச டேங்குல கசியிற ஆளு. வளையத்தைத் தட்டித் திருப்ப இரும்பு உளியை எடுக்காத, பித்தளையோ மரக்கட்டையோ எடு. இரும்பும் இரும்பும் மோதினா பொறி வரும், மை தீட்டிக்கிட்டு ஆபீஸ் போவ.

எம்-சீல் வச்சு அப்பிரலாமான்னு கேட்ட. எங்க காலத்துல டேங்கு ஒழுகினா 501 சோப்பைத் தேச்சு அடைப்போம். பெட்ரோல்ல சோப்பு கரையாது, அது நெசம். திருச்சியில ஓட்டை விழுந்த வண்டியைச் சோப்பு வச்சே மெட்ராசுக்குக் கொண்டாந்திருக்கேன். ஆனா அது வீடு வந்து சேர, வருசம் பூரா வச்சிருக்க இல்ல. அந்தப் புண்ணியவானும் இப்படி "இன்னைக்கு ஒருநாள்"னு நெனைச்சுத்தான் ரேடியேட்டர் ஹோஸைச் சொருகிருப்பான். நாப்பது வருசம் தாண்டின வண்டிக்கு அங்க எம்.ஓ.டி. சோதனைகூடக் கட்டாயம் இல்லைன்னு சந்தோசமா வேற சொன்ன. அப்ப வருசத்துக்கு ஒருதடவை அடியில தலையைக் குடுத்துப் பாக்க உன்னைத் தவிர ஆள் இல்லைன்னு அர்த்தம்டா.

ஒண்ணு ஒத்துக்கிறேன். நானும் யோக்கியன் இல்ல. ஒரு டாக்டர் வண்டி, இதே வாடை. ரெண்டு வாரம் தேடினேன். பம்பைப் பிரிச்சேன், கார்புரேட்டரைப் பிரிச்சேன், டேங்கைக்கூட இறக்கிட்டேன். மேஸ்திரி ஊருக்குப் போயிருந்தார். திரும்பி வந்தவர் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னியைத் தூக்கி, அதுக்கடியில இருந்து மூடி சரியா இல்லாத ஒரு ரெண்டு லிட்டர் டின்னை எடுத்து என் கையில குடுத்தார். டாக்டர் அவசரத்துக்குன்னு வாங்கி வச்சு மறந்துட்டார். மேஸ்திரி திட்டலை. அந்த டின்னை ஒரு வருசம் ஷெட்டு வாசல்ல, நான் வர்றப்பவும் போறப்பவும் கண்ணுல படுற மாதிரி தொங்கவிட்டார். அதனாலதான் உன்கிட்ட முதல் நாளே "டிக்கியில கேன் கீன் ஏதாவது வச்சிருக்கியா"ன்னு கேட்டேன். நீ சிரிச்ச. நான் ஏன் கேட்டேன்னு இப்பத் தெரியுதா.

போன சனிக்கிழமை புது ஹோஸ் போட்டாச்சுன்னு சொன்ன. துப்பாக்கி நின்னதும் நீயும் நின்னுட்ட, சந்தோசம். ஹோஸ் 22 பவுண்டு. 600-க்குப் பக்கத்துல 22-ஐ எழுதி, அந்த நோட்டை உன் பொண்டாட்டி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிட்டாளாமே. அந்தப் புள்ளைக்கு எங்க மேஸ்திரி யாருன்னே தெரியாது, ஆனா அதே ரத்தம்.

இன்னும் லேசா அடிக்குதுங்கிற. அடிக்கத்தான் செய்யும். அம்புட்டு நாள் ஊறின ஆவி, கார்ப்பெட்டு, சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற பஞ்சு, அந்த அட்டை, எல்லாத்துலயும் ஏறிருக்கும். பச்சை மரத்தை முதல்ல கழட்டி எறி, அது இருந்தா எது போச்சு எது இருக்குன்னு தெரியாது. கார்ப்பெட்டையும் அட்டையையும் வெளிய எடுத்து, வீட்டுக்குத் தள்ளி, நாலு நாள் நல்ல வெயில்ல போடு.

என்ன, மழையா? நாளைக்கு? அதுக்கு மறுநாளும் மழையா? சரி விடு, கார்ப்பெட்டைச் சுருட்டி இங்க அனுப்பு. அப்பத்தா மொட்டைமாடியில வத்தல் காயப்போட்டுருக்கா, ஓரமா இடம் கேட்டுப் பாக்குறேன். வாடை வத்தல்ல ஏறுச்சுன்னா, பேசிக்கிறது நீயும் அவளும்.